தேய்ந்த கோடுகளுக்கு நான் எழுதிய அளவுகள்

என் நைனாவுக்கு,

இன்னும் பத்து நாளில் நீ விமானம் ஏறப் போகிறாய். நேரில் பேசிவிடலாம் என்று இந்த வாரத்தில் நான்கு தடவை உன் அறைக் கதவு வரை வந்தேன். நான்கு தடவையும் "ஊறுகாய் எத்தனை பாட்டில் வைக்கட்டும்?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். நீயும் "ஒண்ணு போதும்மா" என்று நான்கு தடவை பொறுமையாகச் சொன்னாய். கம்பெனியில் நாற்பது பெண்களை அதட்டி வேலை வாங்குகிற வாய் எனக்கு. உன் முன்னால் மட்டும் அது ஒட்டிக்கொள்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். விஷயம் இதுதான்: போன தடவை வெளிநாட்டுக்குப் போகிற வாய்ப்பு உன் கையை விட்டுப் போனதே, ஒரு வருஷம் வீணானதே, அது உன்னால் இல்லை, என்னால். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன். இனிமேல் முடியாது. முதலிலிருந்து சொல்கிறேன், குறுக்கே பேசாமல் படி.

என் வேலை உனக்குத் தெரியும், ஆனால் அதன் உள்விவகாரம் தெரியாது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஸ்பிரிங் கம்பெனியில் நான் சேர்ந்தபோது உனக்குப் பால் பல் விழுந்துகொண்டிருந்தது. மெஷின் கொட்டுகிற ஸ்பிரிங்கில் மணிக்கு ஐந்தை எடுத்து, வெர்னியரில் நீளம் அளந்து, ரெஜிஸ்டரில் கட்டம் கட்டமாக எழுத வேண்டும். எழுதுவது கஷ்டமே இல்லை. கஷ்டமெல்லாம் காலிக் கட்டம்தான். ஒரு ஸ்பிரிங் கை தவறி மெஷினுக்கு அடியில் ஓடிவிடும். கழிவறைக்குப் போய் வருவதற்குள் மணி தாண்டிவிடும். அப்போது கட்டம் காலியாக நிற்கும். சூப்பர்வைசர் மற்றதெல்லாம் மன்னிப்பார், காலிக் கட்டத்தை மன்னிக்க மாட்டார். "ரெஜிஸ்டர்ல ஓட்டை வச்சிகினு இன்னா இன்ஸ்பெக்ஷன் பண்றே நீ?" என்று எல்லார் எதிரிலும் கத்துவார். சேர்ந்த முதல் வாரம் நான் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டு, மெமோ வாங்கி, அழுதுகொண்டு நின்றேன். பக்கத்து மெஷின்காரி என் முதுகில் ஒரு தட்டு தட்டிச் சொன்னாள்: "ஏம்மே அழுவுற? பக்கத்து கட்டத்த பாத்து எழுது. அதே மெஷினு, அதே கம்பி. இன்னா பெருசா மாறிடப் போவுது?" அன்றிலிருந்து நானும் அப்படித்தான் எழுதினேன். எங்கள் ஹாலில் எல்லாரும் அப்படித்தான். அதைப் பொய் என்று யாரும் நினைத்ததில்லை நைனா. வேலை சுத்தம் என்றுதான் நினைத்தோம்.

நீ எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு கல்லூரியில் ஒரு பேராசிரியரிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தாய். ஒரு சனிக்கிழமை காட்டுப்பாக்கம் ஸ்டாப்பில் இறங்கி, நீளமான காக்கிக் கவர் ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாய். உன் அப்பா வெல்டிங் பட்டறையிலிருந்து அப்போதுதான் வந்து லுங்கி மாற்றிக்கொண்டிருந்தார். கவரைப் பார்த்ததும் பதறிப் போனார். "இன்னாடா இது, எக்ஸ்ரே படத்த ஊட்டுக்கு எத்துகினு வந்துகீற? யாருக்கு இன்னா?" என்றார். யாருக்கும் ஒன்றுமில்லை என்று நீ சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது. பிறகு நீ படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாய். மேலிருந்து கீழே வரிசை வரிசையாகக் கறுப்புக் கோடுகள். "காசநோய்க் கிருமியோட டிஎன்ஏம்மா. ஒவ்வொரு வரிசையும் ஒரு நோயாளிகிட்டேர்ந்து எடுத்தது" என்றாய். அறுபது நோயாளிகள், மூன்று படங்கள். அவ்வளவு பெரிய வியாதி இவ்வளவு சின்னக் கோடாகவா இருக்கும் என்று எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

அன்று நான் கேட்ட கேள்விகளுக்குக் கணக்கே இல்லை. கோடு ஏன் சில இடத்தில் மேலே, சில இடத்தில் கீழே? கிருமியின் டிஎன்ஏவைத் துண்டு துண்டாக வெட்டி, பாகு மாதிரி ஒன்றில் வைத்துக் கரண்ட் கொடுத்தால் துண்டுகள் ஓடும் என்றாய். சின்னத் துண்டு தூரம் ஓடும், பெரிய துண்டு சீக்கிரம் மாட்டிக்கொள்ளும். "அம்பத்தூர் ஸ்டேஷன்ல டிரெயின் வந்ததும் சின்னப் பசங்க சந்துல பூந்து ஓடிடுதுங்க, கூடைக்காரம்மா மாட்டிக்கினு நிக்குது, அதாண்டா?" என்று கேட்டேன். "அதேதாம்மா!" என்று நீ சிரித்தாய். ஒரே கிருமி இரண்டு பேரிடம் இருந்தால் இரண்டு வரிசையும் ஒரே மாதிரி இருக்கும். அப்படியானால் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டியிருக்கலாம், அல்லது இருவருக்கும் ஒரே இடத்திலிருந்து வந்திருக்கலாம். வரிசைகள் வேறு வேறாக இருந்தால் சம்பந்தமில்லை. இதை நீ சொன்னதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. யார் யாரிடம் பேசினார்கள், யார் பக்கத்தில் உட்கார்ந்து இருமினார்கள் என்று அவர்களே மறந்துபோனதைக் கிருமி ஞாபகம் வைத்திருக்கிறது பார்! பத்தாவதோடு நின்ற எனக்கு, அடடா, இதையெல்லாம் நாமும் படித்திருக்கலாமே என்று அன்றைக்குத்தான் முதல்முதலாக வயிறு எரிந்தது.

கோடு எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று அளக்க வேண்டும் என்றாய். கல்லூரியில் ஆளாளுக்கு ஸ்கேல் வைத்து அளந்து ஆளுக்கொரு அளவு வருகிறதாம். நான் என் வெர்னியரை எடுத்து வந்தேன். "நகரு" என்றேன். ஒரே கோட்டை மூன்று தடவை அளந்தேன், மூன்று தடவையும் ஒரே அளவு வந்தது. நீ வாயைப் பிளந்தாய். உன் அப்பாவுக்கு ஒரே பெருமை. பழைய ஜன்னல் கண்ணாடியை ஒரு மரப்பெட்டி மேல் வைத்து, உள்ளே டியூப்லைட் மாட்டி, படத்தை வைத்துப் பார்க்க ஒரு மேஜையே செய்து கொடுத்தார். "இன்னாமே, ஆஸ்பத்திரி கணக்கா கீது நம்ம ஊடு" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் காட்டினார்.

அப்புறம் ப்ரோக்ராம். அதுதான் எனக்குப் பிடித்த கதை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் பூந்தமல்லியில் பேட்டரிக் கடை மாடியில் பாய் ஒருவர் வைத்திருந்த கம்ப்யூட்டர் சென்டரில் உனக்கு இரண்டு மணி நேரம் கிடைக்கும். நானும் கூட வருவேன். "செருப்ப வெளியே உட்டுட்டு வாங்கம்மா, மிஷினுக்கு தூசி ஆவாது" என்பார் பாய். பூஜை அறைக்குள் போகிற மாதிரி போவோம். அந்த இரண்டு மணி நேரம் வீணாகக் கூடாது என்று வாரம் முழுக்க நீ வீட்டில் நீள நோட்டில் பாஸ்கல் என்கிற கம்ப்யூட்டர் பாஷையில் ப்ரோக்ராம் எழுதுவாய். அதை மிஷின் மாதிரி ஒவ்வொரு வரியாக ஓட்டிப் பார்க்கிற வேலை எனக்கு. ஒரு விரல் வரியின் மேல், இன்னொரு கையில் பென்சில். முதலில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "இன்னாடா இது, ஐ ஒண்ணுன்றே, அப்பால ஐ ரெண்டுன்றே, அது இன்னாதான் அது?" என்று சண்டை போட்டேன். "அது ஆள் இல்லம்மா, நாற்காலி. ஒவ்வொரு நோயாளியா அதுல வந்து குந்துவாங்க" என்றாய். அவ்வளவுதான், புரிந்துவிட்டது. ஐ என்கிற நாற்காலியில் ஒருவர், ஜே என்கிற நாற்காலியில் இன்னொருவர். இருவரின் கோடுகளையும் ஒப்பிட்டு எவ்வளவு ஒற்றுமை என்று எழுத வேண்டும். பிறகு அடுத்தவர்.

ஒரு நாள் இப்படி ஓட்டிக்கொண்டிருந்தபோது ஐ நாற்காலியிலும் ஏழாம் நம்பர், ஜே நாற்காலியிலும் ஏழாம் நம்பர் வந்து உட்கார்ந்தார். ஒற்றுமை நூற்றுக்கு நூறு! "ஏண்டா, அந்த ஆளை அவனோடவே கம்பேர் பண்ணா நூறு வராம இன்னா வரும்?" என்று கேட்டேன். நீ நோட்டைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு, என்னைத் தூக்கிச் சுற்றினாய். இடுப்பு பிடித்துக்கொண்டு இரண்டு நாள் நான் தைலம் தடவினேன், அது வேறு கதை. ஆனால் அந்த சந்தோஷத்தை என்ன சொல்ல! கம்பெனியில் நான் கண்டுபிடித்த தப்பெல்லாம் ஸ்பிரிங்கோடு குப்பைக்குப் போகும். இது ஒரு யோசனைக்குள் இருந்த தப்பு. அதை என் விரல் கண்டுபிடித்தது. அன்றைக்குச் சமையலில் உப்பு போட மறந்தேன், நீங்கள் இருவரும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டீர்கள்.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். முதல் படம் தெளிவு, இரண்டாவதும் தெளிவு. மூன்றாவது படம் இருக்கிறதே, அது கழுவியபோது எங்கோ கெட்டுப்போய், அதில் ஒரு பக்கம் புகை படிந்த மாதிரி இருந்தது. அந்தப் பக்கத்தில் ஒன்பது வரிசை. பல இடத்தில் கோடு இருக்கிறதா, தேய்ந்ததா, எங்கே இருக்கிறது, ஒன்றும் பிடிபடவில்லை. கண்ணைச் சுருக்கினேன், கண்ணாடியைத் துடைத்தேன், படத்தைத் திருப்பிப் பார்த்தேன். அன்று நீ கல்லூரியில் இருந்தாய். நீ கோடு போட்டுக் கொடுத்த நோட்டில் கட்டங்கள் காலியாக என்னைப் பார்த்தன. என் கை நடுங்கியது என்றெல்லாம் பொய் சொல்ல மாட்டேன். கை நடுங்கவே இல்லை. பதினைந்து வருஷப் பழக்கம் நைனா. பக்கத்து வரிசை அளவைப் பார்த்தேன், ஒரு புள்ளி கூட்டி, ஒரு புள்ளி குறைத்து, அழகாக எழுதி முடித்தேன். ஒரு கட்டம் காலி இல்லை. சாயந்திரம் வந்து நோட்டைப் பார்த்துவிட்டு, "எம்மா, முத்து முத்தா கீதும்மா!" என்றாய். நான் காபி போடப் போனேன்.

இரண்டு வாரம் கழித்து பாய் சென்டரில் உன் ப்ரோக்ராம் முழுசாக ஓடியது. அச்சடித்த காகிதத்தை மடிக்கக்கூட மனசு வராமல் கையில் பிடித்துக்கொண்டே பஸ்ஸில் வந்தாய். ஒன்பது நோயாளிகள் ஒரே கூட்டமாகச் சேர்ந்திருக்கிறார்கள், கிருமி ஏறக்குறைய ஒன்றே, அதில் ஏழு பேர் ஒரே குடியிருப்பு. இது தற்செயலாக வர முடியுமா என்று பார்த்தே ஆக வேண்டும் என்று குதித்தாய். அன்று மத்தியானம் கரண்ட் இல்லை. கூடத்தில் உட்கார்ந்து அறுபது சீட்டு கிழித்து, ஒவ்வொன்றிலும் ஒரு நோயாளி எந்தப் பகுதி என்று எழுதினோம். எவர்சில்வர் தூக்குவாளியில் போட்டுக் குலுக்கி ஒன்பது எடுப்பது, ஒரே குடியிருப்பு எத்தனை என்று எண்ணுவது, மறுபடி போட்டுக் குலுக்குவது. உன் அப்பாவுக்குக் குலுக்குகிற வேலை. "ஏலச்சீட்டு கணக்கா ஷோக்கா கீதுடா" என்று ஆரம்பித்தவர், ஐம்பதாவது தடவை "தோளு பூட்ச்சுடா டேய்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். விடாமல் நூறு தடவை எடுத்தோம். இரண்டு வந்தது, மூன்று வந்தது, ஒரே ஒரு தடவை நான்கு வந்தது. ஏழு ஒரு தடவைகூட வரவில்லை. "தற்செயல் இல்லம்மா! இது நிஜம்!" என்று நீ கத்தினாய்.

அப்போதுதான் நான் அந்த ஒன்பது பேரின் நம்பரைக் கேட்டேன். ஐம்பத்தொன்று, ஐம்பத்திரண்டு, ஐம்பத்துமூன்று என்று வரிசையாக ஐம்பத்தொன்பது வரை வாசித்தாய். கம்பெனியில் கெட்ட ஸ்பிரிங் அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்தால் கம்பியைப் பார்ப்போம். அடுத்தடுத்து வரிசையாக வந்தால் கம்பியைப் பார்க்க மாட்டோம், மெஷினைத்தான் பார்ப்போம். அந்த ஒன்பதும் மூன்றாவது படத்தின் புகைப் பக்கம். ஒரே குடியிருப்பிலிருந்து ஒரே வாரத்தில் வந்த சாம்பிள்கள் பக்கத்தில் பக்கத்தில் ஓடியிருக்கின்றன, நான் பக்கத்தைப் பார்த்து எழுதியிருக்கிறேன். தற்செயல் இல்லை என்று சீட்டு சொன்னது சரிதான். தற்செயல் இல்லை, நான்.

உன் முகத்தைப் பார்க்காமல் கேட்டேன். "ஏண்டா, ஒரு கோடு சரியா தெரியலன்னா உன் ப்ரோக்ராம் இன்னா பண்ணும்?" நீ நோட்டைத் திருப்பி ஒரு வரியைக் காட்டினாய். "அதுக்கு மைனஸ் ஒன்பதுன்னு எழுதணும்மா. மைனஸ் ஒன்பது இருந்தா ப்ரோக்ராம் அத்த தாண்டிப் பூடும், கணக்குல சேக்காது." பிறகு என் தோளில் கை போட்டுச் சொன்னாய்: "நீ ஒரு எடத்துலகூட போடலியேம்மா. எங்க லேப்ல ஒருத்தனுக்கும் இந்தக் கண்ணு கெடையாது." அந்த நொடி நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. ஆனால் நீ என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, என் வாழ்நாளில் சூப்பர்வைசரோ, உன் அப்பாவோ, ஏன் என்னைப் பெற்றவர்களோகூட என்னை அப்படிப் பார்த்ததில்லை. அதை இழக்க எனக்கு மனசில்லை. "போடா, காத்து வரல, கதவத் தொற" என்று எழுந்து போய்விட்டேன். இதுதான் நைனா நான் செய்த பெரிய தப்பு. கட்டத்தை நிரப்பியது பழக்கம். வாயை மூடிக்கொண்டது தெரிந்தே செய்தது.

மூன்று வாரம் அப்படியே போனது. தினமும் நாளைக்குச் சொல்லலாம் என்று படுப்பேன். இந்தச் சின்ன விஷயத்தால் என்ன ஆகிவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்வேன். ஆகும் என்று எனக்குத் தெரியாதா? உன் முடிவை நம்பி யாராவது அந்தக் குடியிருப்புக்குப் போய் ஏழு வீட்டுக் கதவைத் தட்டியிருந்தால்? உன்னால்தான் இவனுக்கு வந்தது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் போயிருந்தால்? நோய் வந்த வீட்டில் தண்ணீர் குடிக்கவே யோசிக்கிற ஊர் இது. இதெல்லாம் நினைத்தும் சொல்லவில்லை. நீ துறையில் எல்லார் முன்னாலும் பேசப் போகிற நாள் வந்தது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்தவர் அந்தப் பேச்சைக் கேட்டு உன்னைத் தேர்ந்தெடுக்கப் போகிறார் என்று உனக்கு இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் விபூதி எல்லாம் நானே பார்த்துப் பார்த்துச் செய்து அனுப்பினேன். கல் நெஞ்சுக்காரி.

சாயந்திரம் நீ வந்த நடையைப் பார்த்தே தெரிந்துவிட்டது. சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாய். ஒன்பது பேரும் ஒரே படத்தில் அடுத்தடுத்து இருக்கிறார்களே, படத்தைக் காட்டு என்று பேராசிரியர் கேட்டிருக்கிறார். காட்டியதும் அறையில் இருந்த முப்பது பேருக்கும் தெரிந்துவிட்டது, கோடே இல்லாத இடத்தில் அளவு இருக்கிறது என்று. வந்தவர் குறிப்பு நோட்டை மூடிவிட்டாராம். "அளவு தப்பாப் பூட்ச்சும்மா. நான்தான் சரியா பாக்கல" என்றாய். உன் அப்பா, "உடுறா, அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றார். நான் அடுப்படியில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றேன். நீ உன்னையே குற்றம் சொல்லிக்கொள்கிறாய், நான் எழுதியதைச் சரிபார்க்கவில்லை என்று நினைக்கிறாய், என் திருட்டு உனக்குத் தெரியவில்லை என்று நினைத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த வேதனையிலும் எனக்கு ஒரு மூலையில் நிம்மதியாக இருந்தது.

நான்கு நாள் நீ சரியாகப் பேசவில்லை. ஐந்தாம் நாள் காலையில், நான் டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டிருந்தபோது, அதே காக்கிக் கவரைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாய். "இன்னொரு தடவ அளந்து குடும்மா. தெரியாதத தெரியலன்னே எழுது. மைனஸ் ஒன்பது எத்தினி வந்தாலும் பரவால்ல." அவ்வளவுதான் சொன்னாய். நான் மூன்று வாரம் எடுத்துக்கொண்டேன். கோடு தெளிவாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் மூன்று வெவ்வேறு நாளில் பார்த்தேன், மூன்று நாளும் தெரிந்தால்தான் எழுதினேன். முதல் மைனஸ் ஒன்பது எழுதியபோது சூப்பர்வைசர் பின்னால் நிற்கிற மாதிரி முதுகு கூசியது. அப்புறம் பழகிவிட்டது. புகைப் பக்கம் முழுக்க மைனஸ் ஒன்பதாக வந்ததைப் பார்த்துவிட்டு, லேபில் அந்த ஒன்பது சாம்பிளையும் புதிதாக ஓட்டினாய். ஒன்பது பேர் கூட்டம் கலைந்தது. அதில் ஒருவர்கூட இன்னொருவரோடு சேரவில்லை. ஆனால் முதல் இரண்டு படங்களில், ஒன்பது பேர் சந்தோஷத்தில் நாம் கவனிக்காமல் விட்ட மூன்று பேர், மூன்று வேறு பகுதி ஆட்கள், அசல் ஒன்றாக வந்தார்கள். அவர்கள் எங்கே சந்தித்தார்கள்? ஒரே கம்பெனியா, ஒரே டிரெயினா? எனக்கு இன்றைக்கும் அதை நினைத்தால் தூக்கம் வராது. சின்ன முடிவு, ஆனால் நிஜமான முடிவு. அதை வைத்துத்தான் இப்போது உனக்கு இந்த இடம் கிடைத்திருக்கிறது.

நேற்று நான் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு உன் பேராசிரியரைப் பார்க்கப் போனேன். உனக்குத் தெரியாது. உன்னைப் பற்றி அவர் அங்கே எழுதி அனுப்பும்போது 'கவனக்குறைவு' என்று ஒரு வார்த்தை வந்துவிடக் கூடாது, அது என் பேரில்தான் வர வேண்டும் என்று சொல்லத்தான் போனேன். உட்காரச் சொன்னார், உட்காராமலே எல்லாவற்றையும் ஒப்பித்தேன். ரெஜிஸ்டர், மெமோ, பக்கத்துக் கட்டம், மூன்று வாரம் வாயை மூடிக்கொண்டது, எல்லாம். "எம் புள்ள மேல ஒரு தப்பும் இல்ல சார்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்மா," என்றார். "நோட்டுல ஏழுக்கெல்லாம் நடுவுல ஒரு கோடு இருந்தது. உங்க பையன் ஏழுக்குக் கோடு போடமாட்டான். எல்லாரும் போன பிறகு, இது யார் கையெழுத்துன்னு கேட்டேன். எங்க அம்மாவோடதுன்னு சொன்னான். சரி, இனிமே லேப்ல வேற யாராவது அளக்கட்டும்னேன். மாட்டேன்னுட்டான்."

"ஏன் சார்?" என்றேன்.

"என்ன சொன்னான் தெரியுமாம்மா? 'சார், இந்த டிபார்ட்மென்ட்ல இருக்கிற எல்லாரையும்விட எங்க அம்மா கை நல்லா அளக்கும். தெரியலன்னா தெரியலன்னு எழுதலாம்னு அந்தக் கைக்கு இதுவரைக்கும் ஒருத்தரும் சொல்லல, அவ்வளவுதான்'னான்."

அப்போதுதான் உட்கார்ந்தேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். பக்கத்தில் இருந்த பூக்காரி, "இன்னாக்கா, ஊட்ல எதனா கெட்டதா?" என்று கேட்டாள். "இல்லமே, நல்லதுதான்" என்றேன், அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். உனக்குத் தெரிந்திருக்கிறது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து "நான்தான் சரியா பாக்கல" என்று சொன்னபோதே தெரிந்திருக்கிறது. ஐந்தாம் நாள் காலையில் அந்தக் கவரை என் முன்னால் வைத்தபோதும் தெரிந்திருக்கிறது. எல்லாம் தெரிந்தே அதை என் கையில் கொடுத்திருக்கிறாய். ஒரு வருஷமாக நான் உன்னிடம் மறைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், நீ என்னிடம் மறைத்திருக்கிறாய். அடப்பாவி! உன்னைக் கட்டிக்கொண்டு அழுவதா, முதுகில் நாலு வைப்பதா என்று தெரியவில்லை.

புத்திமதி சொல்லாமல் முடித்தால் நான் உன் அம்மா இல்லை. அங்கே புதுசாக எதைக் கற்றுக்கொண்டாலும், என்னிடம் கேட்க வெட்கப்படாத மாதிரியே அவர்களிடமும் கேள். அவர்கள் கொடுக்கிற எண்களை எழுதியது யார், எந்த நிலைமையில் எழுதினார்கள், யாருக்குப் பயந்து எழுதினார்கள் என்று கேட்டுவிட்டு அப்புறம் ப்ரோக்ராமில் போடு. வேளாவேளைக்குச் சாப்பிடு. குளிரில் தலைக்குக் குல்லா போடு, ஸ்டைல் எல்லாம் வேண்டாம்.

இன்னொன்று. இந்தக் கடிதத்தை உன் பெட்டியில் மட்டும் வைத்து மூடப் போவதில்லை. எங்கள் மகளிர் மன்றத்தில் இந்த வருஷம் போடுகிற மலருக்கு, என் பேர் போடாமல் ஒரு பிரதி கொடுக்கப் போகிறேன். கம்பெனிப் பெண்கள் எல்லாரும் படிப்பார்கள், பேரில்லாவிட்டாலும் யார் என்று அவர்களுக்குத் தெரியும். தெரியட்டும். பேராசிரியரிடமும் ஒரு பிரதி கொடுத்து, அன்று அந்த அறையில் இருந்த முப்பது பேரில் கிடைக்கிறவர்களுக்கெல்லாம் காட்டச் சொல்லப் போகிறேன். நீ முப்பது பேர் எதிரில் என் தப்பை உன் பேரில் வாங்கிக்கொண்டாய். அதை நான் உன் அறைக்குள் வந்து காதோடு காதாகத் திருப்பி வாங்கினால் கணக்கு சரியாகாது. கொடுடா அதை. அது என்னுடையது.

உன் அம்மா